லூர்துபிச்சை பிளர் ஆன கதை

தூத்துக்குடியில, உப்புக்காத்து ஜன்னல் கம்பியத் தின்னு, கதவுக் கீலத் தின்னு, சைக்கிள் பெல்லத் தின்னு, அப்பவும் பசி அடங்காம தெருத்தெருவா அலையுத கடலோரத்துல, ஜெனோவான்னு ஒரு பிள்ள கேமரா வாங்கணும்னு ஆசைப்பட்டா. காலேஜ்ல விஸ்காம் ரெண்டாம் வருசம். டிப்பார்ட்மெண்டுல இருக்குறது ஒத்தக் கேமரா, அதையும் சப்பரம் மாதிரி ஆளாளுக்குத் தூக்கிக்கிட்டு அலைவாவ, இவ முறை வரைல பேட்டரி செத்துப் போயிரும். வருசக் கடைசியில தன் தெரு மனுசங்களப் படம் எடுத்துச் செவுத்துல மாட்டணும், மார்க்கு அதுலதான். "போன்ல எடுத்துக் கொண்டு வந்தீங்கன்னா நான் கண்ண மூடிக்கிடுவேன், இப்பமே சொல்லிட்டேன்"னு மேடம் கண்ணாடியத் தூக்கி நெத்தியில வச்சிக்கிட்டு, கண்ண மூடியும் காட்டிட்டாவ.

ஸ்காலர்ஷிப் பணமும் அம்மா பிலோமி சீட்டு எடுத்த பணமும் சேத்து இருபத்தஞ்சாயிரம் இருந்துச்சு. புதுக் கேமராக் கடையில அதக் கொண்டு போய்க் குடுத்தா கேமராவுக்கு மூடியும், மூடிக்கு ஒரு கயிறும் குடுப்பான். அதனால பழசுதான்னு முடிவு. ஆனா எந்தப் பழசு? அதுக்குத் தெருவே கமிட்டி போட்டுட்டு.

டீக்கடை கஸ்மீர் மாமா கிளாஸ ஆத்திக்கிட்டே, "எத்தன மெகாபிக்சலுட்டி? நூத்தெட்டுக்குக் கொறச்சு வாங்கிராத. எம்போன்லயே நூத்தெட்டு இருக்கு, ஒரு கொசுவ எடுத்தேன், அதுக்கு மீசை தெரிஞ்சுது"ன்னாரு. எதுத்த வீட்டு மெர்சி மைனி, "அதெல்லாம் கெடக்கட்டும், ஆள வெள்ளையாக் காட்டுமான்னு கேளு, வெள்ளையாக் காட்டலன்னா அது என்ன கேமரா"ன்னா. கூடப் படிக்கிற ரெக்ஸு, "மக்கா, ஃபுல் ஃப்ரேம் வாங்கு, இல்லன்னா வாங்கவே வாங்காத"ன்னான். அவன் போன் சார்ஜருக்கே அடுத்தவன் கையப் பாக்கவன். அப்பா லூர்துபிச்சை மட்டும் ஒண்ணும் கேக்கல. "கனமா இருந்தாக் கழுத்து வலிக்குமே பிள்ளைக்கு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு லோடு ஆட்டோவுக்குக் காத்து பிடிக்கப் போயிட்டாரு.

ஆனா ஒரு விசயத்துல கமிட்டிக்கு ஒத்தக் கருத்து. பின்னாடி பிளர் ஆகணும். கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் பளிச்சின்னு நிக்க, பின்னாடி மண்டபம், மாமியா, பந்தியில மோருக்குக் கையத் தூக்குதவன் எல்லாம் வெண்ணெயா உருகிக் கெடக்கும்லா, அது. பிளர் வந்தாத்தான் அது கேமரா, வரலன்னா அது டப்பான்னு தெரு தீர்ப்பு எழுதிட்டு.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில பொன்பெருமாள் கடை. செகண்ட் ஹேண்டு கேமரா மட்டும்தான் யாவாரம். அவரு கண்ணாடி மேசையில ரெண்ட எடுத்து வச்சாரு. ஒண்ணு குண்டு. அம்மிக்கல்லு கனம், கைப்பிடி ரப்பர் உள்ளங்கையில ஒட்டுது, லென்ஸு சாதா லென்ஸு, முன்னையும் பின்னையும் போயிட்டு வரும். இன்னொண்ணு சின்னது, புதுப் பொண்ணு மாதிரி மினுமினுன்னு, மூக்குல அம்பது எம்எம் லென்ஸு, அது முன்னையும் போகாது பின்னையும் போகாது.

"இந்தா பாரும்மா, இது பழைய ஆளு"ன்னு குண்டத் தட்டுனாரு. "தெருவையே அள்ளிப் போட்டுக்கிட்டு வரும். இது அப்பிடி இல்ல. ஒண்ணப் பாத்தா ஒண்ணத்தான் பாக்கும், மத்ததெல்லாம் அதுக்கு ஆவாது. ரெண்டும் ஒரே வெல. எத வேணா எடுத்துட்டுப் போ, அடுத்த சனிக்கெழம வரைக்கும் வச்சுப் பாரு, ஒத்து வரலன்னா மாத்திக்கோ. நம்ம கடையில அதான் பழக்கம்."

ஜெனோவா சின்னத எடுத்து பொன்பெருமாளையே ஒரு கிளிக் அடிச்சா. ஸ்கிரீன்ல அவரு புருவ முடி ஒண்ணொண்ணா எண்ணலாம், அவருக்குப் பின்னாடி இருந்த அலமாரி நெய்யா உருகி நிக்கி. "இதுதான், இதுதான்"னு பிள்ள குதிச்சா. அந்த அலமாரிய அப்பம் யாரும் திரும்பிப் பாக்கல.

தெருவுக்கு வந்ததும் மெர்சி மைனி மகளுக்குத்தான் மொதப் படம். கோயில்ல மொதத் தடவ நற்கருண, புதுநன்ம வாங்கப் போற பிள்ள, வெள்ளக் கவுனு, தலையில கிரீடம், கையில மெழுகுதிரி. பிள்ளைய நடுத்தெருவுல நிறுத்துனா, பின்னாடி ஆடு வருது, பைக்கு வருது, கருவாட்டுக் கூடையோட ஒரு பொம்பள வாரா. லூர்துபிச்சை பாத்தாரு. வண்டி ஓட்டுத மனுசன், வண்டிய எப்பிடி நிப்பாட்டணும்னு தெரியாதா? பிள்ளைக்குப் பின்னால தெருவுக்குக் குறுக்கப் போய், ரெண்டு கையையும் விரிச்சு, ரயில்வே கேட்டு மாதிரி நின்னுட்டாரு.

"யப்பா, நீங்க படத்துல விழுதிய."

"நகந்துக்கிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம், நில்லுங்க. நீங்க பிளர்ல போயிருவிய."

"அப்பம் சரி"ன்னு நின்னாரு. கிளிக்.

படம் வந்தது பாருங்க, மெழுகுதிரிச் சுடர் பிள்ள கண்ணுல ஆடுது. தெருவே கூடி நின்னு "அடேயப்பா"ன்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு கஸ்மீர் மாமா டீக் கிளாஸோட போய் பின்னாடி இருந்த காம்பவுண்டுச் செவுத்துல சாஞ்சாரு, முழங்கை செவுத்தத் தேடித் தேடிப் போகுது. செவுரு இருக்கு, கையில படுது, ஆனா எங்க ஆரம்பிக்கி எங்க முடியிதுன்னு கண்ணுக்குத் தெரியல. ஓரமே இல்ல. படத்துல எப்பிடி உருகிக் கெடந்துச்சோ அப்பிடியே நெசத்துலயும் உருகி நின்னுச்சு. "என்ன இது, செவுரும் பிளர் ஆயிட்டு"ன்னு சொல்லிட்டு மாமா மிச்ச டீயக் குடிச்சாரு. ரெண்டு பூனை வந்து அந்த மங்கலுக்குள்ள படுத்து ஒறங்கிட்டு. அம்புட்டுதான் தெரு பட்ட அதிசயம்.

அதுக்குப் பெறகு ஜெனோவா வாசல்ல ஒரே வரிசை. வெளிப்படியத் தெருவுக்குள்ள நீட்டிக் கட்டியிருந்த ஒருத்தரு படிக்கு முன்னாடி வந்து நின்னு, பல்லக் காட்டிப் படம் எடுத்துக்கிட்டாரு, மறுநாள் ஆக்கிரமிப்ப அளக்கக் கார்ப்பரேஷன்ல இருந்து வந்த ஆளு டேப்ப எங்கன வைக்கன்னு தெரியாம படியையும் ஆகாசத்தையும் மாறி மாறி அளந்து பாத்துட்டு மோர் வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு. பொண்ணு பாக்க ஆளு வருதுன்னு ஒரு வீட்ல, பாதியில நின்ன மாடியும் துருப்பிடிச்ச கம்பியும் பின்னால விழுத மாதிரிப் படம் எடுக்கச் சொன்னாவ. வந்தவங்க அண்ணாந்து பாத்துட்டு, "மேல பெரிய மாடி போலுக்கு"ன்னு தலையாட்டிக்கிட்டுப் போனாவ. ரெக்ஸு தன் மார்க் ஷீட்டப் பின்னாடி கொடியில தொங்கப் போட்டு, முன்னால தான் நின்னு ஒரு படம் எடுத்துக்கிட்டான், அவன் அப்பா அந்தப் பேப்பர வெளிச்சத்துல பிடிச்சு, கிட்டப் பிடிச்சு, தூரப் பிடிச்சு, கடைசியில கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போட்டாரு. மெர்சி மைனி தன் வாசல்ல நின்னு, பின்னாடி பக்கத்து வீட்டு ஓரகத்தி விழுத மாதிரி எடுக்கச் சொன்னா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த நின்னு ஒரு மாமாங்கம் இருக்கும். ஓரகத்தி பிளர் ஆன மறுநாளு மைனி அவகிட்ட, "என்ன கொழம்பு?"ன்னு கேட்டுட்டா. ஏன்னு கேட்டா, "மூஞ்சியப் பாத்தாத்தாம்ட்டி எனக்குக் கோவம் வரும், இப்பம் மூஞ்சியே தெரியலியே"ன்னா. பங்குச்சாமி வந்து பாத்துட்டு, "பூச நேரத்துல மட்டும் எடுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, தன் பழைய ஸ்கூட்டரத் தள்ளிக்கிட்டு வந்து பின்னால நிறுத்திட்டும் போனாரு.

எந்தப் படம் எடுத்தாலும் பின்னால ஆளு வரும், ஆடு வரும். எல்லாப் படத்துக்கும் லூர்துபிச்சை போய்க் கைய விரிச்சு நின்னாரு. எல்லாப் படத்துலயும் ஜெனோவா, "நில்லுங்கப்பா, நீங்க பிளர்ல போயிருவிய"ன்னா.

மொதல்ல மீசைதான் போச்சு. மீசை கன்னத்துக்குள்ள கரைஞ்சு, கன்னம் காதுக்குள்ள கரைஞ்சு, ரெண்டு நாள்ல மழைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளு மாதிரி ஆயிட்டாரு. பிலோமி தட்டத் தூக்கிக்கிட்டு அவரச் சுத்திச் சுத்தி வந்தா. "எந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கிய? சோத்த எங்க வைக்க, முன்னாலயா முதுகுலயா?" அவரு சிரிச்சாரு. சிரிச்சாருன்னு சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சுது. "ஷேவிங் செலவு மிச்சம்ட்டி"ன்னாரு. தெருவும் சிரிச்சுது. கஸ்மீர் மாமா, "லூர்து, உமக்கு இப்பம் வயசே தெரியலவே"ன்னாரு.

சிரிப்பு ஹார்பர் கேட்டோட நின்னுட்டு. லோடு ஏத்திக்கிட்டு உள்ள போகணும்னா பாஸுல இருக்குத மூஞ்சியும் ஆளு மூஞ்சியும் ஒத்துப் போகணும். கேட்ல நின்ன தம்பி பாஸப் பாத்தான், இவரப் பாத்தான், பாஸத் தொடச்சுட்டுப் பாத்தான், கடைசியில இவரத் தொடைக்கலாமான்னு யோசிச்சான்.

"அண்ணாச்சி, பாஸுல உள்ள ஆளு எங்க?"

"நாந்தான்யா, தெனமும் வாரேம்லா."

"குரல் நீங்கதாங்குது. மூஞ்சி ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி. உள்ள விட்டா எனக்கு வேல போயிரும்."

வண்டி திரும்பி வந்து தெரு முக்குல நின்னுச்சு. மறுநாளும் நின்னுச்சு. லோடு குடுக்குறவரு வேற வண்டியக் கூப்பிட்டுட்டாரு. லூர்துபிச்சை டிரைவர் சீட்ல உக்காந்து முன்கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு, அழுக்கு கண்ணாடியிலதான் இருக்குங்குத மாதிரி.

ஜெனோவா ஜன்னல் வழியாப் பாத்தா. அப்பா மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாத்தா. காக்கிச் சட்ட வந்துச்சு, தோளு வந்துச்சு, வண்டி சாவியில தொங்குத மாதா படம் வந்துச்சு, மூஞ்சி வரல. போனப் போட்டுக் குடைஞ்சா. பிறந்தநாள், கிறிஸ்மஸ், திருவிழா, எல்லாப் படத்துலயும் அம்மா இருக்கா, இவ இருக்கா, ஆட்டுக்குட்டி கூட இருக்கு. அப்பா ஒண்ணு கேக்கு வாங்கப் போயிருக்காரு, இல்ல ஃபேனப் போடப் போயிருக்காரு.

கேமராவ எடுத்துக்கிட்டு ஓடுனா. பளிச்சின்னு விழுறதுதான நெசத்துலயும் பளிச்சின்னு இருக்கு, அப்பம் அப்பாவப் பளிச்சின்னு ஒரு படம் எடுத்துட்டாப் போதும்லா? "யப்பா, இந்தத் தடவ நீங்க முன்னாடி நில்லுங்க"ன்னா. அவருக்கு முன்னாடி நின்னு பழக்கமில்ல, கைய விரிக்கவா வேண்டாமான்னு கேட்டாரு. ஜெனோவா பட்டன அழுத்துனா. லென்ஸு "வ்ர்ர்ர்"னு முன்னால வந்துச்சு, "வ்ர்ர்ர்"னு பின்னால போச்சு, திரும்ப வந்துச்சு, திரும்பப் போச்சு. அது பிடிச்சு நிக்க ஏதாவது ஒரு ஓரம் வேணும், ஒரு இமை, ஒரு மீசை முனை. அவருகிட்ட அப்பிடி ஒண்ணுமே இல்ல. கையால வளையத்தத் திருகிப் பாத்தா. எது மூக்கு, எது காத்துன்னு தெரியாம எங்கன நிப்பாட்ட?

அதுக்குள்ள இன்னொரு வம்பு. அவரு நின்ன எடத்துக்குப் பின்னால மெர்சி மைனி வீடு. மைனி வெளக்குமாத்தோட ஓடி வந்தா. "ஏட்டி, ஏட்டி! எங்க வீட்ட பிளர் பண்ணிப்பிட்டா நாங்க எங்க போய்ப் படுக்க?" கொஞ்சம் தள்ளி நிறுத்துனா கஸ்மீர் மாமா, "எம்மா, கடை போர்டு விழுது, யாவாரம் படுத்துரும்"ன்னாரு. நேத்து வரைக்கும் வாசல்ல வரிசையில நின்ன அத்தன பேரும் இன்னைக்கு அவங்கவங்க வாசலுக்குக் குறுக்க, லூர்துபிச்சை நின்னது மாதிரியே கைய விரிச்சு நின்னாவ. "விட்டுரு பிள்ள, கேமராவுல இன்னும் எத்தன பேருக்கு வேல கெடக்கு, கைநெறைய சம்பாதிக்கலாம், அப்பாவ வீட்டோட வச்சுக்கோ"ன்னு ஒரு குரல் வந்துச்சு.

லூர்துபிச்சையும், "அவிய சொல்லுறது சரிதாம்மா, உனக்குப் படிப்பாவுமாச்சு, தொழிலாவுமாச்சு, எனக்கென்ன"ன்னாரு. மூஞ்சி தெரிஞ்சிருந்தா அவரு எப்பிடிச் சொன்னாருன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியல. அதான் அவ அழுதா.

அழுதுகிட்டே யோசிச்சா. பின்னால ஒண்ணுமே இல்லாத எடம் வேணும். தூத்துக்குடிக்காரிக்கு அதுக்கா பஞ்சம்? கடலு இருக்குல்லா.

கடக்கரையில வள்ளக்காரரு ரொசாரியோ வலை பின்னிக்கிட்டு இருந்தாரு. அவருகிட்டக் கேட்டா. "கடல்தான? எடுத்துக்கோ"ன்னாரு, பக்கத்து வீட்டுக்காரன் முருங்கக்காயக் குடுக்கது மாதிரி. "அங்க என்ன போர்டு எழுதியா தொங்குது, வாசிக்கதுக்கு? எங்களுக்கு ஜிபிஎஸ் இருக்கு. எல்லா வள்ளமும் கரை சேரட்டும், பெறவு எடு."

வள்ளம் எல்லாம் வந்து ஏறுன பெறகு, உச்சி வெயில்ல, தண்ணிக்கு ஓரமா லூர்துபிச்சை நின்னாரு. தெரு மொத்தமும் வேடிக்க பாக்க வந்துட்டு, ஆனா ஒரு ஆளு அவருக்குப் பின்னால போகல. எல்லாரும் ஜெனோவா முதுகுக்குப் பின்னாடி, ஒருத்தர் தோளப் பிடிச்சு ஒருத்தரா, ஒளிஞ்சு நின்னாவ. மறுநாள் சனிக்கெழம, கேமராவ மாத்திக்கிடக் கடைசி நாளு. லென்ஸு "வ்ர்ர்ர்"னு போச்சு, "வ்ர்ர்ர்"னு வந்துச்சு. பிள்ள கண்ணுல எறங்குன வேர்வையத் தொடச்சிக்கிட்டா. வெயில்ல தலை சுத்துது. திரும்பவும் வ்ர்ர்ர். "ஆவாதுட்டி, விட்டுரு"ன்னு ரெக்ஸு சொன்னான்.

அப்பம் பிலோமிக்குப் பொறுக்கல. புருசன் மூஞ்சி அழிஞ்சு போச்சேங்குறதுக்காக இல்ல. "போட்டோவுக்கு நிக்கிற ஆளு இப்பிடியா மீசைய வேர்வையோட விட்டுட்டு நிப்பாவ? பாக்குறவங்க பொண்டாட்டியத்தான பேசுவாவ"ன்னு சேல முந்தியச் சுருட்டிக்கிட்டு வந்தா. இருவது வருசம் தொடச்ச மூஞ்சி. கண்ணு தேட வேண்டியதில்ல, விரலு நேராப் போய் மீசை மேல நின்னுச்சு.

பிலோமி விரலு பிளர் இல்ல. அதுல மஞ்ச இருக்கு, மீன் அறுத்த கீறல் இருக்கு, தேஞ்ச மோதரம் இருக்கு. லென்ஸு ஓடி வந்து அந்த மோதரத்தக் கப்புன்னு பிடிச்சிச்சு. "டிக்"குன்னுச்சு.

"யம்மா, அசையாத!"

கிளிக்.

மொதல்ல மீசைதான் வந்துச்சு, பிலோமி விரலுக்கு அடியில, ஒரு பக்கம் ஏத்தமா ஒரு பக்கம் இறக்கமா. மூக்கு வந்துச்சு. கண்ணு வந்துச்சு. நெத்தியில பழைய வெட்டுத் தழும்பு வந்துச்சு. ஜெனோவா கேமராவ எறக்கிட்டு நேராப் பாத்தா. மீசையில பாதி வெள்ள. கண்ணுக்குக் கீழ வீக்கம். இடது கண்ணு வலது கண்ண விடச் சின்னது. இதெல்லாம் எப்பம் வந்துச்சு, எப்பவும் இருந்துச்சான்னு அவளுக்குத் தெரியல.

"என்னம்மா, நல்லா விழுந்திருக்கா?"ன்னு லூர்துபிச்சை கேட்டாரு.

"நீங்க இப்பிடித்தான் இருந்தியளாப்பா?"ன்னு பிள்ள கேட்டா.

"வேற எப்பிடி இருக்க?"ன்னாரு அவரு, கொஞ்சம் பயந்துபோய் மீசையத் தொட்டுப் பாத்துக்கிட்டே.

சனிக்கெழம காலையில அவரு கேட்டுக்குள்ள போனாரு. கேட்டுத் தம்பி பாஸப் பாத்துட்டு, "அண்ணாச்சி, படத்துல உள்ளதவிட வயசாயிட்டு ஒங்களுக்கு"ன்னான். "ஆமாய்யா, ஆயிட்டு"ன்னு இவரு வாயெல்லாம் பல்லா வண்டிய உள்ள விட்டாரு.

ஜெனோவா மாடி ஏறி பொன்பெருமாள் கடைக்குப் போனா. பின்னாடியே கமிட்டியும் போச்சு. "வரங்குடுத்த கேமராவக் கொண்டு திருப்பிக் குடுக்காளே, இவளுக்குக் கூறு இருக்கா"ன்னு மெர்சி மைனி படி படியா மூச்சு வாங்கிக்கிட்டே வஞ்சா. இன்னும் ரெண்டு நாத்தனா பாக்கி இருக்கு அவளுக்கு. பொன்பெருமாளு உருகுன அலமாரிக்குள்ள கையத் தோள்பட்ட வரைக்கும் விட்டுத் துழாவிக்கிட்டு இருந்தாரு. குண்டு கேமராதான் வெளிய வந்துச்சு.

"யோசிச்சுக்கோம்மா, இதுல பிளர் கொறச்சலு. பின்னால நிக்கவன் எல்லாம் தெரிவான்."

"எங்கப்பா பின்னாடி வந்து நிப்பாவ"ன்னா ஜெனோவா. "அதான்."

குண்டக் கழுத்துல மாட்டுனா. கழுத்து வலிச்சுது. மொதப் படமா கமிட்டியவே மாடி வராந்தாவுல நிறுத்தி எடுத்தா. எல்லாரும் விழுந்தாவ. கஸ்மீர் மாமா தொப்ப, மைனியோட எடுப்புப் பல்லு, பஸ் ஸ்டாண்டு, கரண்டு வயரு, வயருல காக்கா, காக்கா வாயில வட. "என்னட்டி இது, எல்லாந் தெரியிது"ன்னு கமிட்டி மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டு.

கடலுதான் பாவம், அதோட தூரத்துக் கோடு போயிட்டு. இப்பமும் அங்க தண்ணி எங்க முடியிது ஆகாசம் எங்க தொடங்குதுன்னு தெரியாது. வள்ளத்துல போறவங்களுக்கு ஒரு கொறையும் இல்ல, ஜிபிஎஸ் இருக்கு. கரையில நிக்கிற பொம்பளையளுக்குத்தான் கஷ்டம். முன்னாடில்லாம் தூரத்துலயே பெயிண்ட வச்சு, கொடிய வச்சு, இது நம்ம வள்ளம்னு கண்டுபிடிச்சுத் தன் வள்ளத்துக்கு மட்டுந்தான் எந்திரிப்பாவ. மத்தவன் வள்ளம் வரைல சேலையில மண்ணத் தட்டிக்கிட்டு ஊர்க்கத பேசிக்கிட்டு இருப்பாவ. இப்பம் மங்கலுக்குள்ள இருந்து கறுப்பா ஒண்ணு வருது. வள்ளம்னு தெரியிது, யாரு வள்ளம்னு கிட்ட வார வரைக்கும் தெரியல. தன் ஆளா இருந்து கை காட்டாம விட்டுட்டா வீட்டுக்கு வந்து யாரு பாட்டு வாங்குறது? அதனால கறுப்பா எது தெரிஞ்சாலும் அத்தன பேரும் எந்திரிச்சு, அத்தன வள்ளத்துக்கும் கை காட்டத் தொடங்கிட்டாவ.

ஜெனோவா குண்டத் தூக்கி அதப் படம் எடுத்தா. ரொசாரியோ பொண்டாட்டி கொண்டை ஊசி மொதக் கொண்டு கடைசி வரிசைப் பிள்ள மூக்குச்சளி வரைக்கும் பளிச்சின்னு விழுந்துச்சு. கூட்டத்துக்கு நடுவுல, எந்த வள்ளத்துலயும் ஒரு பங்கும் இல்லாத லூர்துபிச்சை, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, வார வள்ளத்துக்கெல்லாம் ஆட்டிக்கிட்டு நின்னாரு.